டர்ட் பைக்கில் ஒரு நாள்: நண்பர்களும் வீட்டாரும் ஒரே பாதையில் போகலாமா?

ஜூன் 4, காலை 7:10 (கேள்வி)

நண்பர்கள் நாலு பேர் அடிக்கடி மண்பாதையில் ஓட்டுவோம். இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் நாங்களும் வருவோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மனைவி ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுவாள், கியர் பைக் தொட்டதில்லை. மகனுக்கு ஒன்பது வயது, சைக்கிளில் பறப்பான். அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளும் உண்டு. தனித்தனியாகப் பிரியாமல் எல்லோரும் ஒரே பாதையில் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. மெதுவாகப் போனால் பிரச்சினை இருக்காதுதானே?

ஜூன் 4, காலை 8:25

இருக்கும். மெதுவாகப் போவதுதான் முதல் பிரச்சினையே.

தார் ரோட்டில் மெதுவாகப் போனால் பத்திரம். மண்ணிலும் மணலிலும் கல் கிடக்கிற இடத்திலும் கதை வேறு. கொஞ்சம் வேகம் இருந்தால்தான் முன்சக்கரம் தானாக நேர் பிடிக்கும். நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு கல்லும் ஹேண்டில்பாரை ஒரு பக்கம் இழுக்கும், புதிதாக ஓட்டுகிறவர் காலை ஊன்றுவார், ஊன்றிய கால் சறுக்கும், பைக் அந்தப் பக்கமே சாயும். உங்கள் நண்பர்களுக்கும் சுகமில்லை. அவர்களுடையது ரேடியேட்டர் வைத்த போட்டி ரக பைக் என்றால் அதில் பெரும்பாலும் விசிறி இருக்காது, எதிர்க்காற்று பட்டால்தான் சூடு தணியும். முதல் கியரில் அரைக் கிளட்ச் பிடித்து ஊர்ந்துகொண்டே இருந்தால் கூலன்ட் கொதித்து வழியும். புதியவர்கள் விழ, பழையவர்களின் பைக் கொதிக்க, மதியத்துக்குள் ஆளுக்கு ஒரு முகம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் கூட்டத்தில் நடைமுறை இதுதான். வண்டிகளை நிறுத்தி, நிழலும் தண்ணீரும் இருக்கிற இடத்தைத் தாவளமாக வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி ஒரு சின்னச் சுற்று, ஒரு நடுச் சுற்று, ஒரு பெரிய சுற்று. எல்லாச் சுற்றும் தாவளத்துக்கே வந்து முடிய வேண்டும். சின்னச் சுற்று முழுவதும் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளும் முதல்நாள் ஓட்டுகிறவர்களும் அதைத் தாண்டக் கூடாது. சேர்ந்து ஓட்டுவது என்றால் ஒருவர் பின்னால் ஒருவர் வரிசை கட்டிப் போவது இல்லை. அரை மணிக்கு ஒரு முறை எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரே இடத்தில் பேசுவது. அந்தப் பேச்சுதான் வீட்டாருக்கு வேண்டியது, பாதை கிடையாது.

ஓட்ட அனுமதி உள்ள இடம்தானே என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 4, மதியம் 1:40

ஸ்கூட்டர் என்று சொன்னதை இப்போதுதான் கவனமாகப் படித்தேன். இது முக்கியம்.

ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பின் பிரேக். வருடக்கணக்கில் அந்தக் கை பழகியிருக்கும். கியர் பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். பயந்த நொடியில் மூளை யோசிக்காது, விரல்தான் யோசிக்கும்: இடது லீவரை இறுக்கிப் பிடிப்பார், பைக் நிற்காது, அதுவரை எஞ்சின் பிடித்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச வேகமும் அவிழ்ந்துகொண்டு ஓடும். சரிவில் இது நடந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்கூட்டர் கைகள் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

அதனால் முதல் நாள் கிளட்ச் லீவரே இல்லாத பைக்கில் ஏற்றுங்கள். ஹோண்டா சிஆர்எஃப் 110 மாதிரி: நாலு கியர் உண்டு, காலால் மாற்ற வேண்டும், கிளட்ச் தானாக வேலை செய்யும். இடது கை சும்மா ஹேண்டிலைப் பிடித்தால் போதும். சீட் உயரம் 66 சென்டிமீட்டர் சுமார், பெரியவர்களுக்குக் கால் நன்றாக எட்டும். பார்க்க பொம்மை பைக் மாதிரி இருக்கிறதே என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கிறவரை ஏறி ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். திரும்பி வந்து சீக்கிரம் சாவியைத் தர மாட்டார்.

ஜூன் 4, இரவு 9:55

இன்னொன்று. உங்கள் மனைவிக்கு நீங்கள் சொல்லித் தராதீர்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் அக்கா முதல் தடவை ஒரு சின்ன மேட்டில் நின்றுவிட்டாள். பின்னால் இருந்து மாமா "ஆக்சிலேட்டர் குடு, குடு" என்று கத்துகிறார். பக்கவாட்டில் இருந்து நண்பர் ஒருவர் "விடு, விடு" என்கிறார், அவர் சொன்னது கிளட்சை. ஹெல்மெட்டுக்குள் இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் விழும். அக்கா இரண்டையும் செய்தாள். முன்சக்கரம் எழும்பியது, அவள் பின்னால் சரிந்து உட்கார்ந்தாள், பைக் மட்டும் தனியாக மேட்டில் இரண்டடி ஏறிச் சாய்ந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் மாமா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரே ஒரு வாத்தியார், அது கணவரோ அப்பாவோ அண்ணனோ இல்லை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நிறுத்தி, அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, அப்புறம்தான் பேச்சு. அக்காவுக்குக் கடைசியில் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது அவள் மகள்தான். "அம்மா, ஒண்ணும் யோசிக்காத, தூரத்துல பாரு, டயரப் பாக்காத." மாமா சொன்ன எல்லாவற்றையும் விட இந்த ஒரு வரி வேலை செய்தது.

ஜூன் 5, காலை 6:50

"தூரத்துல பாரு" என்றது ஏன் வேலை செய்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கண் போகிற பக்கம்தான் தோளும் கையும் போகும். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல்லில்தான் போய் ஏறுவீர்கள். முன்சக்கரத்துக்கு நேர் கீழே இருப்பதை இனி மாற்ற முடியாது, அது முடிந்துபோன விஷயம். வண்டித்தடத்தில் மாட்டிக்கொண்டால் கூடத் தடம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும், தடத்தின் ஓரத்தை அல்ல.

அதோடு சேர்ந்து இன்னொன்று: எழுந்து நிற்பது. புதியவர்கள் நிற்கப் பயப்படுவார்கள், உட்கார்ந்தால் பத்திரம் என்று தோன்றும். ஃபுட்ரெஸ்டில் நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, டாங்கை முழங்காலால் கவ்விப் பிடித்தால் பைக் அடியில் தன்பாட்டுக்குக் குலுங்கும், ஆள் குலுங்க மாட்டார். கைக்கு வேலை குறையும். கையால் இறுக்கிப் பிடித்துத் தொங்கினால் முன்கை கல்லாக இறுகிவிடும், விரல் மடங்காது, பிரேக் பிடிக்க வராது. பிடியை இறுக்க இறுக்க அங்கே ரத்தம் வந்து தேங்கித் தசைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது அது. "கை வலிக்குது" என்று யாராவது சொன்னால் உடனே தாவளத்துக்குக் கூட்டிவாருங்கள், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று இழுக்காதீர்கள்.

ஜூன் 5, மாலை 5:30

"ஒன்பது வயதுப் பிள்ளைக்கு பைக்கா, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானதுதான். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குக் கீழ் யாரும் இந்த மாதிரி வண்டிகளை ஓட்டவே கூடாது என்று 2000-இலேயே பரிந்துரைத்தது. பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்கிற பகுதி இன்னும் மூடியிருக்காது, அங்கே அடிபட்டால் எலும்பு வளர்வதே கோணலாகலாம். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், தெரியாமல் எடுக்காதீர்கள். "எல்லாப் பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள்" என்பதை நான் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் என் மகனை ஏற்றினேன். என் கணக்கு இப்படி: சைக்கிள் நன்றாக ஓட்ட வேண்டும், உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிய வேண்டும், சொன்னால் நிற்கிற பிள்ளையாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டமான நிபந்தனை. சைக்கிளில் பறப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். பறக்கிறானா, "நில்" என்றால் நிற்கிறானா என்று பாருங்கள். நிற்க மாட்டான் என்றால் இந்த வருடம் வேண்டாம். மற்றவர்கள் ஓட்டுகிறார்களே என்று அழுவான், அழட்டும்.

பைக் எது என்று கேட்டால்: யமஹா பிடபிள்யூ 50-இல் கியர் கிடையாது, செயினும் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகிறது, விரல் மாட்டிக்கொள்ள இடமில்லை. இரண்டு பிரேக்கும் சைக்கிளில் போலக் கையில். ஆக்சிலேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு திருகால் கட்டுப்படுத்தலாம். ஆனால் சீட் உயரம் 48 சென்டிமீட்டர்கூட இல்லை, ஒன்பது வயதுக்கு அது சின்னதாகிவிடும். சிஆர்எஃப் 50 கொஞ்சம் உயரம், மூன்று கியர், கிளட்ச் இல்லை. நெட்டையான பிள்ளை என்றால் 110. "வளர்ந்துவிடுவான், இப்போதே பெரிசாக வாங்கிவிடுவோம்" என்கிற சட்டைக் கணக்கு இங்கே எடுபடாது. விழுந்த பைக் மேலே கிடக்கும்போது அதன் கனம் முக்கியம்.

ஜூன் 5, இரவு 10:15

மாலை எழுதியதோடு சேர்க்க வேண்டியது: அவனை உங்கள் பைக்கில் டாங்க் மேல் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முன்னால் இருக்கும் பிள்ளைதான் முதலில் ஹேண்டில்பாரில் மோதும், பின்னால் இருந்து உங்கள் முழு எடை அதன் மேல் விழும். நீங்கள் எழுந்து நிற்கவும் முடியாது. தனியாக அந்தச் சின்ன பைக்கில் நடைவேகத்தில் அவன் விழுவது இதைவிடப் பல மடங்கு மேல்.

ஜூன் 6, காலை 7:05

உடுப்பு பற்றி நீளமாக எழுத ஒன்றும் இல்லை. பூட்ஸ். ஹெல்மெட்டை யாரும் மறப்பதில்லை, பூட்ஸில்தான் கஞ்சத்தனம் செய்வார்கள். கணுக்காலுக்கு மேல் உயர்ந்து, அடியில் தகடு வைத்த பூட்ஸ் இல்லை என்றால் அன்றைக்கு அவர் ஓட்டக் கூடாது. சாதாரண ஷூவில் ஓட்டுகிறவரின் கால் கல்லுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவில் மாட்டினால் திருகிக்கொள்ளும். பைக் சாயும்போது சைலன்சர் கெண்டைக்காலில்தான் படும், முழுக்கால் பேன்ட்டும் உயர்ந்த பூட்ஸும் இருந்தால் தழும்பு இல்லாமல் தப்பலாம்.

பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றி மாட்டும்போது நீங்களே குனிந்து பக்கிளைப் பாருங்கள். மேல் பக்கிளை மாட்டிவிட்டு அடியில் இருப்பதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதுதான் விறைப்பாக இருக்கும். நாக்குப் பட்டை உள்ளே மடிந்து கிடக்கும், மண் ஏறி பக்கிள் பல்லில் உட்காராது. ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டு அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கிக் அடிக்கலாம்.

ஹெல்மெட் பிள்ளைக்குப் பெரிதாக இருந்தால் பயனில்லை. மாட்டி, தாடைப் பட்டையைக் கட்டி, பின்னால் இருந்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் வேறு அளவு. ஒரு முறை பலமாக இடித்த ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். உள்ளே இருக்கிற தெர்மோகோல் ஒரு தடவை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே கீறல்கூடத் தெரியாது.

ஜூன் 6, மாலை 6:20

ஒருவர் டயர் காற்று கேட்டார். மண்ணில் 12 முதல் 15 பிஎஸ்ஐ வைப்போம். ரோட்டில் வைக்கிற காற்றோடு வந்தால் டயர் கல்லின் மேல் துள்ளும், பிடிக்காது.

ஜூன் 6, இரவு 8:45

மேலே சொன்னதை அப்படியே எல்லா பைக்குக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கல் நிறைந்த பாதை என்றால் 15 பக்கம் இருங்கள், குறைத்தால் கல் டயரை ரிம் வரை அழுத்தி ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை போடும். மணல், சேறு என்றால் 12 பக்கம். ரிம் லாக் (டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கிற கவ்வி) இல்லாத பைக்கில் மிகவும் குறைக்கவே கூடாது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், ட்யூபும் கூடச் சுற்றும், வால்வு அடியோடு பிய்ந்துவிடும். அந்த பஞ்சரை ஒட்ட முடியாது, ட்யூபையே மாற்ற வேண்டும். வால்வு சாய்ந்து நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள், சாய்ந்திருந்தால் டயர் நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வால்வு மேல் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காதீர்கள் என்று ஒரு நண்பர் ஞாபகப்படுத்தினார். ஆமாம். அதை மூடியோடு சேர்த்து மேலேயே விட்டுவிட்டால் ட்யூப் நகரும்போது வால்வு சாய்வது கண்ணுக்குத் தெரியும்.

ஜூன் 7, காலை 9:00

நண்பர்கள் நாலு பேரும் பெரிய சுற்று போகும்போது எப்படிப் போவது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் ஆள் தொலைவார்கள். வீட்டாரை வைத்துக்கொண்டு ஆளைத் தொலைத்தால் அன்றைய நாள் அதோடு சரி.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இந்த இரண்டு பேரும் நாள் முழுக்க மாறக் கூடாது. பாதை பிரிகிற இடம் வந்தால் முன்னால் போகிறவருக்கு அடுத்து வருகிறவர் அங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் என்று கை காட்ட வேண்டும், கடைசி ஆள் வந்து சேரும் வரை அசையக் கூடாது. கடைசி ஆள் வந்ததும் இவர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர். இதில் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை, தூசிக்குள் போக வேண்டியதும் இல்லை. முன்னால் போகிறவரின் தூசி அடங்கிய பிறகு வரலாம். தூசிக்குள் கண்மூடித்தனமாக ஒட்டிப் போவதைவிட ஆபத்தான காரியம் இந்த விளையாட்டில் கொஞ்சம்தான்.

எதிரே வேறு கூட்டம் வந்தால் கையைத் தூக்கி விரல் காட்டுவது வழக்கம்: எனக்குப் பின்னால் இன்னும் இத்தனை பேர். மூடிய முஷ்டி என்றால் நான்தான் கடைசி. வளைவில் ஒரு கையை எடுக்க முடியாது என்றால் எடுக்காதீர்கள், மரியாதைக்காக விழ வேண்டாம்.

என் மச்சான் மட்டும் இந்த முறைக்குச் சரிப்பட மாட்டான். நிறுத்திய இடத்தில் நிற்க மாட்டான், "நான் சும்மா அந்த மேட்டைப் பார்த்துட்டு வரேன்" என்று போய்விடுவான். அதனால் அவனை எப்போதும் கடைசி ஆளாகப் போட்டுவிடுகிறோம். கடைசி ஆளுக்குப் போக வேறு இடம் இல்லை. இப்போது விழுந்தவர்களைத் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் பிடித்த ஆளாகிவிட்டான், அதுதான் வேடிக்கை.

ஜூன் 7, மதியம் 2:30

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குடும்ப நாளுக்கு இதில் எனக்கு ஒரே கவலை, பெட்ரோல் கேன் மாறிப்போவது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி, 32-க்கு 1 என்றால் 31 மில்லி. எது என்று அந்த பைக்கின் கையேடு சொல்லும். பிடபிள்யூ 50 மாதிரி ஆயிலுக்குத் தனி டாங்க் இருந்தால் அதுவே கலந்துகொள்ளும். கலக்காத பெட்ரோலைக் கலக்க வேண்டிய பைக்கில் ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். உதவி செய்கிறேன் என்று சித்தப்பா ஊற்றுவதற்கு முன்னால் கேனில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஜூன் 7, இரவு 9:10

உங்கள் அக்கா மகள் "பெண்கள் யாராவது பெரிய அளவில் ஓட்டியிருக்கிறார்களா" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ஸ்பெயினின் லயா சான்ஸ் என்று சொல்லுங்கள். ட்ரையல் போட்டியில் உலகப் பட்டம் பல தடவை. 2015 டக்கார் ராலியில் (பல நாள் நடக்கிற நெடுந்தூரப் பந்தயம்) பைக் பிரிவில் ஒட்டுமொத்தமாக 9-வது இடம், பெண்கள் பிரிவில் இல்லை, எல்லோரையும் சேர்த்து. கால் ஊன்றாமல் பாறை மேல் ஏறுகிற ட்ரையலில் இருந்து வந்தவர் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். நடைவேகத்தில் பைக்கை அடக்கத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் பிறகு வரும். நான் முதல் நாள் "மெதுவாகப் போவது கஷ்டம்" என்றதும் இதைத்தான். கஷ்டம் என்பதால் அதைத் தாவளத்திலேயே பழக வேண்டும், பாதையில் வைத்துப் பழகக் கூடாது. தரையில் இரண்டு கல்லை வைத்து எட்டுப் போடச் சொல்லுங்கள், அந்தப் பெண் அதிலேயே ஒரு மணி நேரம் இருந்தாலும் வீண் இல்லை.

ஜூன் 9, காலை 6:15

மேடு ஏறுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும். ஏறுவது எல்லோருக்கும் ஒரு மாதிரி வந்துவிடும். பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு முன் பிரேக்கை மட்டும் நம்பி நின்றால் முன்சக்கரம் பூட்டியபடியே பின்னால் சறுக்கும், எடை முழுதும் பின்சக்கரத்தில்தானே இருக்கிறது. எஞ்சினை அணைத்துக் கியரிலேயே விட்டுக் கிளட்சை விடுங்கள், பின்சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இறங்கி, மேட்டுப் பக்கமாக நின்று, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்துப் பைக்கைக் குறுக்கே திருப்பிக்கொள்ளலாம். கீழ்ப் பக்கம் நிற்கக் கூடாது, பைக் சாய்ந்தால் உங்கள் மேல்தான் வரும்.

இறங்கும்போது இரண்டாம் கியர், கிளட்சைத் தொடாமல், இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் பூப்போல. முன் பிரேக்கைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு, "முன் பிரேக் பிடிச்சா தூக்கி எறிஞ்சிடும்" என்று. திடீரென்று பிடித்தால் எறியும். ஒரு விரலால் மெல்ல மெல்ல அழுத்தினால் வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் அதுதான்.

ஜூன் 9, மாலை 4:50

இரண்டு நாளாக யோசித்ததில் இன்னொன்று. அன்றைய ஓட்டத்தை முடிக்கிற நேரத்தைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள், அதையும் ஓட்டாதவர் ஒருவர் கையில் ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் சித்தப்பாதான். மடக்கு நாற்காலி, கடிகாரம், முதலுதவிப் பெட்டி, எல்லோருடைய வண்டிச் சாவி எல்லாம் அவரிடம். யார் எந்தச் சுற்றுக்குப் போனார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் "போதும்" என்றால் போதும். "சித்தப்பா, கடைசியா ஒரே ஒரு ரவுண்டு" என்று மச்சான் கெஞ்சாத நாள் கிடையாது. நான் பார்த்த மோசமான விழுகைகள் பல அந்த 'கடைசி ஒரு ரவுண்டில்'தான். உடம்பு களைத்திருக்கும், தைரியம் மட்டும் ஏறியிருக்கும், வெயில் தாழ்ந்து நேராகக் கண்ணில் அடிக்கும். சித்தப்பா இதுவரை ஒரு தடவையும் மசியவில்லை.

ஜூன் 15, இரவு 7:30

போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். மகன் சின்னச் சுற்றிலேயே இருந்தான், மனைவி மதியத்துக்கு மேல் நடுச் சுற்றுக்குப் போனார், நீங்கள் சொல்லித் தரவில்லை. நல்லது. ஒரு நண்பரின் பைக் ஓடையில் எஞ்சின் முழுக விழுந்தது, எடுத்து உடனே ஸ்டார்ட்டர் அழுத்தினோம், 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது, இப்போது என்ன செய்வது என்கிறீர்கள்.

இனி அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராட் வளையும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், நனைந்திருந்தால் பிழியுங்கள், ஃபில்டர் பெட்டியைத் துடையுங்கள். பைக்கை இரண்டு பேர் சேர்ந்து பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால் சைலன்சரில் போன தண்ணீர் வழியும். பிளக் ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காமல், ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். வருவது நிற்கும் வரை. சுற்றும்போது ஓரிடத்தில் முட்டி நின்றால் அதற்கு மேல் பலம் போடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

ஜூன் 16, காலை 7:20

முட்டவில்லை, சீராகச் சுற்றுகிறது என்றால் தப்பித்தீர்கள் என்று பாதி நம்பலாம். மீதிப் பாதிக்கு ஆயிலைப் பாருங்கள். பாலோடு கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது. அதோடு ஸ்டார்ட் செய்யாதீர்கள், வடித்து மாற்றுங்கள். கார்புரேட்டர் பைக் என்றால் அடிக் கிண்ணத்தின் திருகைத் தளர்த்தி அதில் தேங்கியதையும் வடியுங்கள், பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் குமிழாக நிற்பது தெரியும். காய்ந்த பிளக், காய்ந்த ஃபில்டர், புது ஆயில் போட்டு ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் மறுபடி வெளுத்திருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள், வெளுப்பு போகிற வரை மலிவு ஆயிலே போதும். கீழே அடியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அது ராட்தான்.

வீல் பேரிங்கும் ஓடைத் தண்ணீர் குடித்திருக்கும், சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நண்பரிடம் பெரிய குழாய் வைத்துக் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள், பேரிங் சீலுக்குள் மிச்ச மண்ணையும் அவரே அடித்து ஏற்றிவிடுவார்.

ஜூன் 16, இரவு 8:05

ஆயில் வெளுக்கவில்லையா? சரி, அப்படியென்றால் செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த வாரம் ஓட்டலாம். ஓடையைக் கடக்கும் முன் இறங்கி நடந்து ஆழம் பார்க்கிற ஆள் யார் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் அது மச்சான்தான், சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வருகிற ஒரே ஆள் அவன்.